வாயால் போடும் துண்டு: ‘டிப்ஸ்’ பற்றிக் கொரிய மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் கொரியக் குடும்பங்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தருவதுதான் என் பிழைப்பு. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் ஆலை கார் செய்யத் தொடங்கியது. அதைச் சுற்றி உதிரிபாக ஆலைகளும் வந்தன. அவற்றில் வேலை பார்க்க வந்த குடும்பங்களால் என்னைப் போன்ற சிலருக்கு இப்படி ஒரு தொழில் அமைந்தது. பிள்ளைகள் சர்வதேசப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அங்கே பக்கத்து பெஞ்சுப் பையன் பேசும் ஆங்கிலம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. அப்படி வீட்டுக்கு வந்து சேரும் சந்தேகங்களில் முதலிடம் ‘டிப்ஸ்’ (dibs) என்ற ஒற்றைச் சொல்லுக்கு.

பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள், ஆலைப் பொறியாளர்கள், இந்த வேலைக்குப் புதிதாக வந்த தமிழ் ஆசிரியர்கள் என்று எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவரவர் கேட்ட விதத்திலேயே தமிழில் போட்டிருக்கிறேன். கொரியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் முடிந்த அளவு நெருக்கமாக எழுதியிருக்கிறேன். முழுசாகப் பொருந்தாது, அது நம் எழுத்தின் குற்றமும் இல்லை, அவர்கள் நாக்கின் குற்றமும் இல்லை.

பள்ளி வேனில் ஏறும்போது ஒரு பையன் ‘டிப்ஸ் ஆன் த பேக் சீட்’ என்று கத்தினான். எல்லோரும் பின் சீட்டை அவனுக்கு விட்டுவிட்டார்கள். அவன் என்ன மந்திரம் சொன்னான்?

‘பின் சீட்டு எனக்கு, நான்தான் முதலில் கேட்டேன்’ என்று சொன்னான். அவ்வளவுதான். இன்னும் யார் கைக்கும் போகாத ஒன்றை, எல்லோர் காதிலும் விழும்படி, முதலில் கேட்டுவைப்பதற்குத்தான் இந்தச் சொல்.

தமிழ் ஆசிரியர்களுக்கு நான் ஒரே வரியில் சொல்வேன்: துண்டு போடுவது. கூட்டமான நிலையத்துக்குள் பேருந்து நுழைந்து இன்னும் நிற்கக்கூட இல்லை, அதற்குள் ஜன்னல் வழியாக ஒரு துண்டோ கைக்குட்டையோ சீட்டில் விழும். துண்டுக்காரர் நிதானமாகப் படியேறி வருவார். அந்தச் சீட்டு அவர் சொத்தா? இல்லை. சட்டம் பேசினால் நிற்குமா? நிற்காது. ஆனாலும் பெரும்பாலோர் அதில் உட்கார மாட்டார்கள். டிப்ஸும் அதே ஜாதி, வாயால் போடும் துண்டு. பதவிக்குத் துண்டு போடுகிறார், அமைச்சர் நாற்காலிக்குத் துண்டு போடுகிறார் என்று நாம் பேசுகிறோமே, அந்த இடத்திலும் டிப்ஸ் கச்சிதமாக உட்காரும்.

கொரிய மொழியில் இதற்குச் சொல் இருக்கிறதா, இல்லை புதிதாக விளக்க வேண்டுமா?

இருக்கிறது, அதுவும் அச்சு அசலாக. ‘ச்சிம்’. மேசையில் கடைசித் துண்டு கோழி கிடந்தால் கொரியப் பிள்ளை ‘ச்சிம்!’ என்று கத்தும். அதோடு செய்தலைக் குறிக்கும் ‘ஹதா’ சேர்ந்தால் ‘ச்சிம்ஹதா’, அதாவது டிப்ஸ் போடுதல். கொரிய ஷாப்பிங் ஆப்களில் பிடித்த பொருளின் பக்கத்தில் ஒரு இதயப் படம் இருக்கும். அந்தப் பொத்தானுக்கும் பெயர் ச்சிம்தான்.

அதனால் பொருளை விளக்க அரை நிமிடம் போதும். இங்கேதான் புதிய ஆசிரியர்கள் சறுக்குகிறார்கள். அகராதியில் ‘உரிமை கோருதல்’ என்று பார்த்துவிட்டு, சொத்து, பத்திரம், பட்டா என்று அரை மணி நேரம் விளக்குகிறார்கள். பையன் கண் சொக்கிவிடும். ‘ச்சிம்’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், முகம் மலரும். கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகுதான்: உச்சரிப்பு, பின்னால் வரும் ‘ஆன்’, யாரிடம் சொல்லலாம் என்பது.

என் மாணவன் ‘ச்சிம்’ என்றான். எனக்குத் தெரிந்தது கால்பி ச்சிம் என்ற சாப்பாடுதான். குழப்புகிறதே?

இரண்டும் ஒரே ஒலி, வேறு சொல். மாட்டு விலா எலும்புக் கறியைச் சோயாவில் மெதுவாக வேகவைத்தால் கால்பி ச்சிம், முட்டையை ஆவியில் வேகவைத்தால் கியெரான் ச்சிம். பெயரின் வாலாக வந்தால் சாப்பாடு, தனியாகக் கத்தினால் டிப்ஸ். கால்பி ச்சிம்முக்கே ஒருவன் ‘ச்சிம்’ போடவும் செய்வான், பயப்படாதீர்கள்.

இதைவிடச் சிக்கலான ஒன்று இருக்கிறது. கொரியக் காதுக்கு மூன்று தனிச் சொற்கள், நம் காதுக்கு ஏறக்குறைய ஒன்று. இலேசாகச் சொல்லும் ‘ஜிம்’ என்றால் மூட்டை முடிச்சு. ‘பச்சை’யில் வரும் ச்ச போல அழுத்தினால் டிப்ஸ். உள்ளங்கையில் காற்று படும்படி மூச்சை விட்டுச் ‘சிம்’ என்றால் எச்சில். மூன்றையும் சேர்த்து ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன்: மூட்டையை வைத்து இடம் பிடிப்பவர் உண்டு, எச்சில் வைத்து இடம் பிடிப்பவர் உண்டு, இரண்டும் டிப்ஸ்தான். எச்சில் கதை பின்னால் வருகிறது.

‘டிப்ஸ்’ என்றால் ஹோட்டலில் சர்வருக்கு வைக்கும் காசுதானே? இரண்டும் ஒன்றா?

தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்று. ஆங்கிலத்தில் வேறு. காசுக்கு முதல் எழுத்து அதிராத ஒலி, நம் சொல்லுக்கு அதிரும் ஒலி. இதில் தமிழர்களும் கொரியர்களும் ஒரே படகில் இருக்கிறோம். தமிழ் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. சொல்லின் முதலில் அதிராமலும், இரண்டு உயிர்களுக்கு நடுவில் அதிர்ந்தும் அதே எழுத்து ஒலிக்கும். கொரிய எழுத்தும் அப்படியே. அவர்கள் சொல்லின் முதலில் அந்த எழுத்தைப் போட்டால் தொண்டை அதிராது. ஆகவே கொரியப் பிள்ளை ‘எனக்கு டிப்ஸ்’ என்றால் அமெரிக்கப் பிள்ளைக்கு ‘எனக்குக் காசு’ என்று கேட்கும் வாய்ப்பு நிறைய.

என் வைத்தியம் இது. ‘அடி’ என்று சொல்லச் சொல்வேன். நடுவில் வருவதால் அவர்களுக்குத் தானாகவே தொண்டை அதிரும். விரலைத் தொண்டையில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். பிறகு ‘அ’வைச் சன்னமாக்கிக்கொண்டே போய், கடைசியில் வாய்க்குள்ளேயே விழுங்கிவிட வேண்டும். மிச்சம் இருப்பதுதான் நமக்கு வேண்டிய முதல் ஒலி. பத்துத் தடவை சொன்னால் பிடிபட்டுவிடும்.

சொல்லின் முடிவையும் கவனியுங்கள். கொரிய மொழியில் சொல் இப்படி ‘ப்ஸ்’ என்று முடியாது. அதனால் பின்னால் ஒரு குட்டி உயிரொலி ஒட்டிக்கொண்டு ‘டிப்-ஸு’ என்று இரண்டு அசையாகும். ஒரு கை தட்டுக்குள் சொல்லி முடிக்கச் சொல்லுங்கள். கடைசி ஒலி பாம்பின் சீறல் இல்லை, தேனீயின் ரீங்காரம்.

எனக்கு ஒரு கேக்தான் வேண்டும். அப்போது ‘டிப்’ என்று சொன்னால் போதாதா?

போதாது. ஒன்றோ ஒன்பதோ, எப்போதும் கடைசி ஸ் உண்டு. கொரிய மொழியில் பன்மை விகுதி போட்டாலும் சரி, விட்டாலும் சரி என்பதால் பிள்ளைகள் அதை வெட்டிவிடுகிறார்கள். ‘டிப்’ என்றால் சிப்ஸைத் தோய்த்துத் தின்னும் சட்னி மாதிரியான ஒன்று வந்து நிற்கும்.

‘ஐ டிப்ஸ் தட் சேர்’ என்று எழுதினேன். டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். கொரிய மொழியில் ச்சிம்ஹதா சரிதானே?

கொரிய மொழியில் சரி. ‘ஹதா’ என்பது நம் ‘பண்ணு’. எந்தப் பெயர்ச்சொல்லின் பின்னாலும் ஒட்டவைத்தால் வினை தயார். புக் பண்ணு, கட் பண்ணு, ஷேர் பண்ணு என்று நாம் செய்வதையேதான் அவர்களும் செய்கிறார்கள். அதனால் இந்தத் தவறு தமிழ் ஆசிரியருக்கு உடனே புரியும்.

ஆங்கிலத்தில் டிப்ஸ் ஒரு பெயர்ச்சொல், அதற்குத் துணைக்கு ஒரு வினை வேண்டும். அப்புறம் பொருளுக்கு முன்னால் ‘ஆன்’ வேண்டும். ‘ஐ கால் டிப்ஸ் ஆன் தட் சேர்.’ கொரிய மொழியில் அந்த நாற்காலி செயப்படுபொருள், அதாவது நம் ‘ஐ’ உருபு ஏற்கும்: நாற்காலியை ச்சிம் செய்தேன். ஆங்கிலத்தில் நாற்காலியின் மேல் துண்டு விழ வேண்டும். ‘மேல்’ என்பதை ஞாபகம் வைத்தால் ‘ஆன்’ மறக்காது. துண்டை வீசும் சைகையோடு இதை நடத்துகிறேன், சின்னப் பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆங்கிலம் தாய்மொழியான பிள்ளைகளே டிப்ஸை வினையாக்கிப் பேசுவதும் உண்டு. உங்கள் மாணவன் அதைக் காட்டி வாதாடுவான். வீட்டில் பேசலாம், தேர்வில் எழுதாதே என்று சொல்லிவிடுங்கள்.

‘கால்’, ‘ஹேவ்’, ‘கெட்’ மூன்றும் வருகிறதே, எதை எப்போது போடுவது?

துண்டை வீசும் நொடி ‘கால்’. வீசிவிட்டேன், அது இப்போது அங்கே கிடக்கிறது என்றால் ‘ஹேவ்’. ‘கெட்’ கொஞ்சம் வேறு. அது பெரும்பாலும் ‘ஃபர்ஸ்ட்’டோடு சேர்ந்து வரும், வேறு யாரோ கொடுக்கும் முன்னுரிமையைச் சொல்லும். ‘பாத்திரம் தேய்த்தவருக்கு கேக்கில் ஃபர்ஸ்ட் டிப்ஸ்’ என்று ஓர் அம்மா அறிவித்தால் அங்கே யாரும் கத்த வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் முதல் பந்தி யாருக்கு என்று பெரியவர்கள் சொல்வதைப் போல.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? துண்டு, சீட்டு எதுவும் அதில் இல்லையே?

கூழாங்கல்லிலிருந்து. இங்கிலாந்துச் சிறுமிகள் ‘டிப்ஸ்டோன்ஸ்’ என்று ஒரு விளையாட்டு ஆடினார்கள். சின்னக் கற்களையோ ஆட்டின் முட்டி எலும்புகளையோ மேலே எறிந்து, கீழே கிடப்பதை அள்ளி, விழுவதைப் பிடிக்க வேண்டும். தத்துவவாதி ஜான் லாக் 1693இல் பிள்ளை வளர்ப்பு பற்றி எழுதியபோது, சிறுமிகள் மணிக்கணக்காக இதில் கைதேர முயல்வதைக் கண்டதாகக் குறிப்பிடுகிறார். இதைப் படித்தவுடன் தமிழருக்கு அஞ்சாங்கல் ஞாபகம் வரும். கொரியருக்கு ‘கொங்கி’ ஞாபகம் வரும். அதிலும் ஐந்து கல், அதிலும் கடைசிச் சுற்றில் புறங்கையில் ஏந்திப் பிடிப்பது உண்டு. ஒருமுறை தாழ்வாரத்தில் ஐந்து கூழாங்கற்களை வைத்து நான் ஆடிக்காட்ட, மாணவியின் பாட்டி எதுவும் பேசாமல் கீழே உட்கார்ந்து என்னைத் தோற்கடித்தார். எனக்குக் கொரியம் பத்து வார்த்தை, அவருக்கு ஆங்கிலம் அதுவும் இல்லை. ஆட்டம் நடந்தது.

அந்தக் கல்லின் பெயர் சுருங்கி, பிறகு சில்லறைக் காசுக்கும் கொச்சைப் பெயரானது. ‘எனக்கு முதலில்’ என்ற இன்றைய பொருள் அமெரிக்கப் பிள்ளைகளிடம் உருவானது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் அது அச்சில் தலைகாட்டுகிறது. கல்லுக்கும் இந்தப் பொருளுக்கும் நடுவில் உள்ள படிகள் தெளிவாக இல்லை, அகராதிகள் ‘இருக்கலாம்’ என்றே எழுதுகின்றன. வகுப்பில் நீங்களும் ‘இருக்கலாம்’ என்றே சொல்லுங்கள்.

என் மகனோடு படிக்கும் பிரிட்டிஷ் பையன் டிப்ஸ் என்று சொல்வதில்லை, ‘பேக்ஸி’ என்கிறான். அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றுதான். அது பிரிட்டனின் பள்ளிக்கூட மைதானச் சொல். அமெரிக்க ஆசிரியர் இருக்கும் வகுப்பில் டிப்ஸ், பிரிட்டிஷ் நண்பன் வீட்டில் பேக்ஸி. இரண்டையும் புரிந்துகொண்டால் போதும், ஒன்றைப் பேசினால் போதும்.

காரில் முன் சீட்டுக்கு மட்டும் ‘ஷாட்கன்’ என்று கத்துகிறார்கள். துப்பாக்கி எதற்கு?

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குதிரை வண்டிகள் பணமும் தபாலும் ஏற்றிப்போன காலத்தில், வண்டியோட்டி பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு காவலாள் உட்கார்ந்திருப்பார். அந்த இடம்தான் இன்று ஓட்டுநர் பக்கத்து சீட்டு. ஆனால் அந்தக் காலத்து மனிதர்கள் இப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை. 20ஆம் நூற்றாண்டில் வந்த கௌபாய் கதைகளும் படங்களும்தான் இதைப் பரப்பின.

இதற்கு விளையாட்டு விதிகளும் உண்டு. கார் கண்ணுக்குத் தெரிய வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வீட்டுக்குள்ளிருந்து கத்தினால் செல்லாது. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு விதி மாறும். இதை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள், நண்பர்களே சொல்லித்தருவார்கள்.

என் புத்தகத்தில் ‘ஸ்டேக் எ கிளைம்’ என்பதற்கும் உரிமை கோருதல் என்றே போட்டிருக்கிறது. பீட்சாவுக்கு அதைச் சொல்லலாமா?

சிரிப்புக்காகச் சொல்லலாம். ஆனால் அதன் எடை வேறு. 1848 ஜனவரியில் கலிபோர்னியாவின் கொலோமா என்ற ஊரில், ஒரு மரம் அறுக்கும் ஆலைக்காக வெட்டிய கால்வாயில் தங்கம் கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டு கூட்டம் கூட்டமாக ஆள்கள் வந்தார்கள். அங்கே அப்போது அதற்கென்று சட்டம் இல்லை. நிலத்தின் மூலைகளில் முளையடித்து, ‘இந்த எல்லைக்குள் தோண்டுவது நான்’ என்று காட்டினார்கள். தோண்டுபவர்களே கூடித் தங்களுக்குள் விதி வகுத்தார்கள். முளை அடித்துவிட்டு வேலை செய்யாமல் போட்டால் உரிமை போய்விடும். பிற்பாடு 1872இல் சுரங்கச் சட்டம் வந்தது, அது இன்றும் நடப்பில் இருக்கிறது.

அந்த முளைதான் ‘ஸ்டேக்’. ஆகவே இதில் உழைப்பும் எல்லையும் போட்டியும் இருக்கிறது. ஒரு நிறுவனம் புதிய சந்தையில் காலூன்றுவது, ஒரு நாடு ஒரு தீவைத் தன்னுடையது என்பது, ஓர் ஆய்வாளர் ஒரு துறையைத் தன் துறையாக்குவது, இவையெல்லாம் இதன் இடம். கொரியப் பொறியாளர்களிடம் ‘ஸொன்ஜொம்’ என்று சொல்லுங்கள். முந்திப்போய்ப் பிடித்தல் என்று பொருள், அவர்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அடிக்கடி வரும் சொல். ஏறக்குறைய அதுதான். ‘ஸ்டேக் எ கிளைம்’ என்பதற்குப் பின்னால் ‘டு’ வரும், ‘ஆன்’ இல்லை. முளை எல்லையில் நிற்கிறது, துண்டு மேலே கிடக்கிறது என்று நான் சொல்வதுண்டு. இலக்கணப்படி இது விளக்கம் ஆகாது, நினைவில் நிற்கிறது.

வாயைத் திறக்காமலே டிப்ஸ் போட முடியுமா? எங்கள் ஊரில் காபிக் கடையில் போனை மேசையில் வைத்துவிட்டுத்தான் ஆர்டர் கொடுக்கப் போவோம்.

போடலாம். கொரியக் காபிக் கடைகளில் விலையுயர்ந்த லேப்டாப்பை மேசையில் விட்டுவிட்டுக் கழிவறைக்குப் போய் வருவதைப் பார்த்து வெளிநாட்டார் வாயைப் பிளப்பார்கள். அதற்கு அவர்கள் சொல் ‘ஜாரி மத்தா’, இடத்தைப் பிடித்துவைத்தல். ஆங்கிலத்தில் அதைச் ‘சேவிங் எ சீட்’ என்பார்கள். பக்கத்தில் உள்ளவர் ‘ஷீ ஹேஸ் டிப்ஸ் ஆன் தட் டேபிள்’ என்றும் சொல்லலாம்.

அமெரிக்காவின் சிகாகோவில் இந்தச் சொல்லுக்கே தனி வாழ்வு இருக்கிறது. பனி கொட்டினால் தெருவில் நிற்கும் கார் புதைந்துவிடும். மணிக்கணக்கில் மண்வெட்டியால் அள்ளி வெளியே எடுத்துவிட்டு வேலைக்குப் போனால், திரும்புவதற்குள் வேறொருவர் அந்தக் குழியில் காரை நிறுத்தியிருப்பார். அதனால் பழைய மடக்கு நாற்காலி, துணி தேய்க்கும் பலகை, உடைந்த தொட்டி, கையில் கிடைத்ததை அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பெயரே டிப்ஸ். 1967 ஜனவரியில் 23 அங்குலம் பனி கொட்டி நகரமே முடங்கியது, அந்தப் பனியை அங்கே இன்றும் பேசுவார்கள். பொதுத் தெருவை இப்படிப் பிடித்துவைக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனாலும் அக்கம்பக்கத்தார் நாற்காலியை நகர்த்துவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பார்கள். பாஸ்டன் நகரம் இன்னும் ஒரு படி போய், பனி அவசரநிலை முடிந்த பிறகு 48 மணி நேரம் வரை வைத்துக்கொள்ளலாம் என்று பெரும்பாலான பகுதிகளுக்கு விதியே வைத்திருக்கிறது. நம் பேருந்துத் துண்டுக்கு இன்னும் யாரும் அரசாணை போடவில்லை.

எங்கள் மொழியில் ‘எச்சில் தடவிவிட்டேன்’ என்றால் ‘இது என்னுடையது’ என்று பொருள். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம். கொரிய வழக்கு ‘சிம் பாரதா’: எச்சில் தடவி வைத்தால் இன்னொருவர் தொட மாட்டார், ஆகவே அது தன்னுடையது. சாப்பாட்டுக்குச் சொல்வார்கள், வேலைக்கும் சொல்வார்கள், ஆளுக்கும் சொல்வார்கள். தமிழ் வீடுகளில் வளர்ந்தவருக்கு இது புதிதில்லை. அண்ணன் கைக்குப் போகும் முன் கடலை மிட்டாயை நக்கிவைத்த தங்கை எல்லாத் தெருவிலும் உண்டு. ஆனால் இதை வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலமாக்கினால் கேட்பவர் தட்டை நகர்த்திவிட்டு உங்களைப் பார்ப்பார். ‘ஐ காட் டிப்ஸ்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு பையை ரொம்ப நாளாகக் கடையில் பார்த்துவைத்திருக்கிறேன். அதற்கு டிப்ஸ் சொல்லலாமா?

மனசுக்குள் ஆசைப்பட்டது டிப்ஸ் ஆகாது. அதற்குக் கொரியத்தில் ‘நுன்த்தோக்’, பிரித்தால் கண்ணின் விஷம். நாம் ‘கண் வைத்துவிட்டான்’ என்போம். ஆங்கிலத்திலும் கண்தான் வரும்: ‘ஐ ஹேவ் மை ஐ ஆன் இட்.’ தோழியோடு கடைக்குப் போய், ஒரே ஒரு பை மிச்சம் இருக்கும்போது வாயைத் திறந்து சொன்னால்தான் டிப்ஸ்.

கொரியாவில் ‘என் அம்மா’ என்றுகூடச் சொல்ல மாட்டோம், ‘எங்கள் அம்மா’ என்போம். என் பிள்ளை ‘எனக்கு, எனக்கு’ என்று கத்தப் பழகுகிறானே, சுயநலமாகிவிட மாட்டானா?

ஓர் அம்மா நிஜமாகவே கவலையோடு கேட்டது. கொரியத்தில் ‘உரி’ என்றால் எங்கள், நம். உரி அம்மா, உரி வீடு, உரி நாடு. கல்யாணமான பெண் கணவரைக்கூட ‘உரி’ போட்டே சொல்வார். ஆங்கிலத்தில் அதை அப்படியே எழுதினால் கணவர் பலருக்குப் பொதுவாகிவிடுவார். இதைக் கேட்டுச் சிரிக்காத ஒரே கூட்டம் நாம்தான், ‘எங்க அம்மா’, ‘எங்க வீட்டுக்காரர்’ என்று நாமும் பேசுகிறோம். (உரி, உரிமை என்று ஒலி ஒத்துப்போவதை வைத்து தமிழும் கொரியமும் அக்கா தங்கை என்று வாட்ஸப்பில் ஒரு கதை சுற்றுகிறது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அம்மா, அப்பா போன்ற மழலைச் சொற்கள் உலகமெங்கும் ஒத்துப்போகும்.)

அந்த அம்மாவிடம் நான் சொன்னது இது. கொரியப் பிள்ளைகளும் ‘நே க்கொ!’ என்று கத்துகிறார்கள், ‘என்னுடையது’ என்று அர்த்தம். டிப்ஸ் அதைவிட மரியாதையானது. ‘என்னுடையது’ என்று பிடுங்குவதில் விதி இல்லை. டிப்ஸில் அடுத்தவன் முதலில் சொன்னால் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அவர் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை, தேநீர் மட்டும் ஊற்றினார்.

ஆபீஸில் மேலாளரிடம் டிப்ஸ் சொல்லலாமா?

ஆங்கிலம் பேசும் ஆபீஸில் சம வயதுச் சகாக்களோடு, ஜன்னல் ஓர மேசைக்கோ மீட்டிங் அறைக்கோ சொல்லலாம். மின்னஞ்சலில், வாடிக்கையாளரிடம், வயதில் மூத்தவரிடம் கூடாது. கொரியர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரியவர் ஸ்பூனை எடுக்கும்வரை இவர்கள் எடுக்க மாட்டார்கள்.

சிக்கல் ‘ஷாட்கன்’னில்தான். கொரிய மரியாதைப்படி சம்பள டிரைவர் ஓட்டினால் பின்னால் வலப்பக்கம் பெரியவர் இடம். உடன் வேலை பார்ப்பவரே ஓட்டினால் முன் சீட்டுதான் பெரியவர் இடம். உதிரிபாக ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் என் மாணவர், முதல் வாரம் கற்ற உற்சாகத்தில், சக ஊழியர் காரை எடுத்ததும் ‘ஷாட்கன்!’ என்று கத்திவிட்டார். திரும்பிப் பார்த்தால் முன் கதவின் கைப்பிடியில் மேலாளரின் கை. மேலாளர் சிரித்துக்கொண்டே பின்னால் போய் உட்கார்ந்தாராம். மாணவர் அந்த ஒரு மணி நேரமும் முன் சீட்டின் நுனியில், முதுகு படாமல் உட்கார்ந்து போனாராம். அடுத்த வகுப்பில் அவர் கேட்ட முதல் கேள்விதான் இது.

ஓர் ஆளுக்கு டிப்ஸ் சொல்லலாமா? கொரிய நாடகங்களில் ‘அவன் என் ச்சிம்’ என்று வருகிறதே.

ஆங்கிலத்திலும் நெருங்கிய தோழிகளுக்குள் கேலியாகச் சொல்வார்கள். சம்பந்தப்பட்டவர் காதில் விழுந்தால் கேலி நிற்காது, மனிதரைச் சீட்டாக்கியது போலாகிவிடும். இன்னும் மொழி கைவராதவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. தொனி தவறினால் சமாளிக்க வார்த்தை வேண்டுமே.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டால்?

ஆங்கிலப் பிள்ளைகள் ‘நான்தான் முதலில்’ என்று சண்டை போடுவார்கள். கொரியப் பிள்ளைகள் சண்டையை நீட்ட மாட்டார்கள், உடனே கையை நீட்டி ‘கவி பவி போ’ ஆடுவார்கள். கத்தரி, கல், துணி. நம் சா பூ த்ரீ போல முடிவு சொல்லும் ஆட்டம். முதல் முறை கேட்டபோது என்னை ‘பாவி, போ’ என்று விரட்டுகிறார்கள் என்றே நினைத்தேன்.

மாணவருக்கு இந்தச் சொல் பிடிபட்டுவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் எல்லோரும் சரியாக எழுதுவார்கள், ஒன்றும் தெரியாது. நான் நான்கு பேர் வகுப்புக்கு ஐந்து மைசூர்பாகு கொண்டுபோவேன். தட்டை நடுவில் வைத்துவிட்டு வேறு பாடம் நடத்துவேன். நான்கு துண்டு அமைதியாகக் காலியாகும். ஐந்தாவது கிடக்கும். கொரிய மேசையிலும் சரி, தமிழ் மேசையிலும் சரி, கடைசித் துண்டை யாரும் லேசில் தொட மாட்டார்கள்.

போன மாதம் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. மூன்று மாதமாக ‘யெஸ்’, ‘நோ’ தவிர எதுவும் பேசாதவள். நான் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது: ‘டிப்ஸ் ஆன் த லாஸ்ட் ஒன்!’ தொண்டை அதிர்ந்தது, ‘ஆன்’ இருந்தது, கடைசியில் குட்டி ‘உ’ ஒட்டவில்லை. வகுப்பு முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் பார்த்துவைத்திருந்த துண்டு அது.